சிங்கத்துக்கு எதிரே இரண்டு பட்டைகள்

துணியில் விழும் படத்தைக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து கொடுப்பது என் தொழில். குமாரபாளையத்தில் தறி ஓட்டும் சிநேகிதன் ஒருவன் இருந்தான். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. நான் முஸ்லிம் வீட்டுப் பையன், அவன் இந்து. ஆனாலும் அவனுக்கு நான் மாப்ளே, எனக்கு அவன் மாமன்.

கொழும்புத் துணிக்கடை ஒன்றிலிருந்து அவனுக்கு ஆர்டர் வந்தது. சுவரில் மாட்டும் துணி, அதில் அந்தத் தீவின் கொடிகள் வரிசையாக வர வேண்டும். "நீதான் படிக்கிற ஆளு. பாத்துப் போடு மாப்ளே" என்றான்.

எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. சோறு தண்ணி மறந்து தேடினேன். பழைய காலத்தில் ஒரு பகுதிக்குச் சூரியனும் சந்திரனும் கொடி. கண்டி அரசனுக்கு வாளேந்திய சிங்கம். வெள்ளைக்காரன் கடைசி அரசனைப் பிடித்து நம் வேலூர்க் கோட்டையில் வைத்தான், கொடியை லண்டனுக்குக் கொண்டுபோனான். நாடு விடுதலையானபோது அந்தச் சிங்கத்தையே ஏற்றினார்கள். மற்றவர்களுக்கு இடமில்லையா என்ற பேச்சு எழ, பிறகு ஓரத்தில் இரண்டு பட்டைகளைச் சேர்த்தார்கள். பச்சை முஸ்லிம்களுக்கு, செம்மஞ்சள் தமிழர்களுக்கு.

இதைத் தறிச் சத்தத்துக்கு நடுவே அவனிடம் கத்திச் சொன்னேன். "பச்ச நானு, பக்கத்துல நீ. சிங்கம் வாளோட நம்மளத்தான் பாத்துட்டு நிக்குது!"

விழுந்து விழுந்து சிரித்தான். "ரெண்டு பேரையும் வாசல்லயே நிக்க வெச்சுப்போட்டாங்களா?"

ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன், என்னிடம் சொல்லாமல் படத்தில் கை வைக்கக் கூடாது என்று. "உன்னயக் கேக்காம ஒரு நூல் மாறாது" என்றான். வழக்கம்போல வலது கீழ் மூலையில் என் அடையாளமாக ஒரு குட்டிப் பிறையைப் போட்டுக் கொடுத்தேன்.

சரக்கு போய்ச் சேர்ந்தது. வீட்டில் மாட்ட ஒன்று கேட்டேன். "தீந்துபோச்சு மாப்ளே, அடுத்த ஓட்டத்துல தாரேன்." நாலைந்து மாதம் இதே பாட்டு. நானும் நம்பினேன், மடையன்.

போன சித்திரையில் அவன் வீட்டுக்குப் போனபோது அவன் இல்லை. மாடியில் அவன் மனைவி வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தார். தறிக்காரர் வீட்டில் எல்லாவற்றுக்கும் விரிப்பு டேமேஜ் பீஸ்தான். வடகத்துக்கு அடியிலிருந்து நான் வரைந்த சூரியன் எட்டிப் பார்த்தது.

"அதா? இன்னும் ரெண்டு கெடக்குதுங்ண்ணா. ஊட்டுக்கு எடுத்துட்டுப் போங்க" என்று மடித்து வைத்திருந்த ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

விரித்தேன். கடைசிக் கொடியில் பச்சையும் இல்லை, செம்மஞ்சளும் இல்லை. பட்டைகள் இருந்த இடத்துக்கும் சேர்த்துச் சிங்கத்தை இழுத்து அகலமாக்கியிருந்தார்கள்.

அவன் வந்தான். என் கையில் துணியைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போனது.

"கடைக்காரரு பட்டையில்லாமக் கேட்டாரு. உங்கிட்டச் சொன்னா ஒத்துக்குவயா? தறிய நிறுத்தோணும். அது என்ன நம்மூருக் கொடியா மாப்ளே?"

"என்னோடத எடுத்த, சரி. உன்னோடதயும் நீயே எடுத்துட்டயேடா?"

மனைவியிடம் காபி போடச் சொன்னான். அதைக் குடிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஊர் திரும்பும்போது சேலம் பஸ்ஸில் துணியை மறுபடி மடியில் விரித்துப் பார்த்தேன். இத்தனையும் மாற்றியவன் வலது கீழ் மூலையைத் தொடவில்லை. என் பிறை ஒரு நூல் மாறாமல் அங்கேயே இருந்தது. அந்தப் பட்டைகளை எடுத்தவன் நான்தான் என்று சொல்லிக்கொண்டு அத்தனை துணியும் கப்பலேறிப் போயிருக்கிறது.