நான் உடைத்த மர்மம்

ஆம்பூரில் நூலகராக இருந்தபோது மர்ம நாவல் கேட்பவர்களை நான் மதித்ததில்லை. ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்த மும்தாஜ் ஞாயிறுதோறும் அதைத்தான் கேட்பார். ஒருநாள், பாதி படித்த நாவலுக்குத் தவணை நீட்டிக்க வந்தார்.

“கொன்னது டாக்டர்தாம்மா. இதை விட்டுட்டு நல்ல இலக்கியம் படிங்க” என்றேன்.

அவர் முகம் வாடியது. “இன்னா சார் இப்டி பண்ணிட்டீங்க? சாப்பாட்டு டைம்ல எங்க லைனுக்கே நான்தான் கதை சொல்றேன். கொலைகாரன் யாருன்னு ஆளுக்கொரு பேரு சொல்லினு இருக்காங்க. இனிமே என் மூஞ்சிய பாத்தே கண்டுபுடிச்சிடுவாங்களே!”

புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனவர் மறுபடி வரவில்லை.

அதன்பின் மர்மக்கதைகளையும் மாயக்கதைகளையும் நானே படித்துப் பரிந்துரைத்தேன். “முடிவு இன்னா சார்?” என்று யாராவது கேட்டால், மறந்துவிட்டது என்பேன். அந்தப் பொய்யை மும்தாஜிடம் சொல்லியிருக்கலாம்.