உலக சாம்பியன் வாய்க்காலில் இறங்கிய நாள்

வீப்கே ஐநூறு மீட்டர் ஐஸ் ஸ்கேட்டிங்கில் இரண்டு முறை உலக சாம்பியன். துப்பாக்கி வெடித்ததும் அவள் பாய்கிற பாய்ச்சலில், பக்கத்துத் தடத்தில் நிற்பவளுக்குப் பாதி உயிர் போய்விடும். ஜப்பானில் அவளுக்கு ரசிகர் மன்றமே உண்டு. நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்தில், பிறந்த ஊரில் மட்டும் அவள் பருப்பு வேகவில்லை.

ஊர்க்காரர்களுக்கு ஸ்கேட்டிங் என்றால் உறைந்த வாய்க்கால்தான். நேர்கோடு, இரண்டு பேர், தோற்றவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அம்மா யெல்ட்யே அந்தக் காலத்தில் அதில் ஜெயித்து வெள்ளிக் கரண்டிகளாகப் பரிசு வாங்கிக் குவித்தவள். மகள் ஓடுகிற அரங்கத்துப் பக்கம் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

"கூரைக்குக் கீழ, மெஷின் போட்ட ஐஸு. ஃப்ரிட்ஜுக்குள்ள சுத்திச் சுத்தி ஓடுறதெல்லாம் ஒரு ஓட்டமாடி?"

அம்மா கண்முன்னால் ஒரே ஒரு முறை ஓடிக் காட்ட வேண்டும். இந்த ஆசை வீப்கேவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது. ஆனால் வாய்க்கால் உறைந்தால்தானே? வருஷா வருஷம் குளிர் ஏமாற்றியது.

ஒருவழியாக உறைந்தபோது அவளுக்கு முப்பத்துமூன்று வயது. அடுத்த வாரம் அவளுடைய கடைசி உலகப் போட்டி. பயிற்சியாளர் ரூலோஃப் போனில் கத்தினார்.

"வாய்க்கால் ஐஸ்ல விரிசல் இருக்கும், கால் போயிடும். இறங்குன, டீம்ல நீ இல்ல. ஒப்பந்தத்துலயே இருக்கு!"

"தெரியும் ரூலோஃப்" என்றாள். இறங்கிவிட்டாள். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் உறைந்த வாய்க்காலைப் பார்த்த பிறகும் நிதானமாக இருக்கிற ஃப்ரீஸ்லாந்துக்காரர் இன்னும் பிறக்கவில்லை.

ஊர்ப் போட்டியின் இறுதிச் சுற்றில் எதிரே தபால்காரி ஆன்ட்யே. தங்கப் பதக்கத்தைக் கண்டு மிரள்கிற ஆள் இல்லை.

"வாங்க சாம்பியன், இங்க வளைவெல்லாம் கிடையாது, நேராப் போகத் தெரியுமா?"

"நீ தபால் குடுக்கிற வேகத்த ஊரே பாத்திருக்கு. கிளம்புடி!"

கரை முழுக்கச் சிரித்தது. ஆளுக்கொரு ஓட்டம் ஜெயித்தார்கள். மூன்றாவதில் வீப்கேதான் முன்னால். பாதி தூரத்தில் ஒரு விரிசல் அவள் ஸ்கேட்டின் கத்தியைக் கவ்வியது. தடுமாறி விழுந்தாள், ஆன்ட்யே கோட்டைத் தாண்டிவிட்டாள்.

உலகப் போட்டியும் போச்சு, வாய்க்காலும் போச்சு. "இவளா உலக சாம்பியன்!" என்று கரையில் ஒருவன் கெக்கலி கொட்டினான்.

கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா, கையிலிருந்த பட்டாணி சூப்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"யார்றா அவன்? எம் பொண்ணு ஓடுன ஒவ்வொரு ஓட்டத்தையும் டிவி முன்னால நின்னுக்கிட்டே பாத்தவ நான். உக்காரவே முடியாது எனக்கு. இவள மாதிரி கிளம்புறவ இந்த ஊர்ல எவளும் பொறக்கல. என்னையும் சேத்துத்தான் சொல்றேன்!"

வீப்கே எழுந்திருக்கவில்லை. ஐஸ் மேலேயே உட்கார்ந்து, ஊரே பார்க்க, ஓவென்று அழுதாள்.