சாக்பீஸ் குறி

என் மாமனார் வீட்டுக் கூடத்தில், அவருடைய நாற்காலிக்கு அடியில், சாக்பீஸால் போட்ட ஒரு பெருக்கல் குறி உண்டு. கைலாசபுரத்தில் குடியிருந்து, அங்கிருந்த தொழிற்சாலையில் முப்பது வருஷம் அளவு பார்த்தவர். குறி போடாமல் ஒரு ஆணிகூட அடிக்க மாட்டார். ஓய்வு பெற்று ஸ்ரீரங்கத்துக்கு வந்ததும் ஹோம் தியேட்டர் வாங்கினார். உட்காரும் இடத்தில் குறி, அங்கிருந்து கயிறு பிடித்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் கோணம். கயிற்றின் மறுமுனை என் கையில். முதல் படம் பார்ப்பதற்குள் எனக்கு இடுப்பு கழன்றுவிட்டது.

ஐந்து ஸ்பீக்கரும் அதிர்வுக்கு ஒரு பெட்டியும் உள்ள 5.1 போதுமா, முதுகுக்குப் பின்னால் இன்னும் இரண்டு சேர்க்கும் 7.1 வேண்டுமா என்பது அவர் கேள்வி. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டேன். 7.1இல் படத்து மழை எனக்குப் பின்னால் பெய்தது. அவரோ வித்தியாசமே இல்லை, இடது பக்கம் செத்துக் கிடக்கிறது என்று கடைக்காரரைத் திட்டினார். ஸ்பீக்கர்களை இடம் மாற்றினோம், ஒயரை மாற்றினோம். பழுது மட்டும் இடது பக்கத்தை விட்டு நகரவில்லை. கடைசியில் நாற்காலியைத் திருப்பி, திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். செத்துக் கிடந்தவை பேசின, பேசியவை அடங்கின.

"பெட்டியில ஒண்ணும் இல்ல மாப்பிள்ளை. என் காதுதான். அத்தைக்குத் தெரிய வேணாம்."

அத்தை எப்போதும் அவருக்கு இடப்பக்கம்தான் உட்காருவார். சொல்வதைக் காதிலேயே வாங்குவதில்லை என்று வருஷக்கணக்காக அவர்மேல் குறை. அலட்சியக்காரன் என்று திட்டு வாங்கினாலும் பரவாயில்லை, காது போனதை நினைத்து அவள் அழக் கூடாது என்பது மனிதரின் கணக்கு. என்ன பிடிவாதம்! மறுநாளே, 7.1 என்றால் வீட்டம்மா வலப்பக்கம்தான் உட்கார வேண்டும் என்று சட்டம் பேசி அத்தையின் நாற்காலியை மாற்றினார். நானும் கூசாமல் ஆமாம் போட்டேன். அதன்பின் அந்தக் கூடத்தில் படத்தைவிடப் பேச்சுதான் அதிகம் ஓடியது. 5.1ஆ 7.1ஆ என்று அவர் கேட்கவே இல்லை.

அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. போன வாரம், ஸ்பீக்கர்களைக் கழற்றிவிடட்டுமா என்று அத்தையிடம் கேட்டேன். வேண்டாம் என்றார்.

"ஸ்பீக்கருக்கும் நான் உக்கார்ற பக்கத்துக்கும் என்னங்க சம்பந்தம் மாப்பிள்ளை? அன்னைக்கே புரிஞ்சிடுச்சு. அதுக்கு முன்னாடி எவ்வளவு திட்டியிருப்பேன்... கேட்டா சங்கடப்படுவாங்கன்னு விட்டுட்டேன்."

தலை குனிந்துகொண்டேன். தினமும் துடைக்கிற தரையில் சாக்பீஸ் எத்தனை நாள் நிற்கும்? குறி பளிச்சென்று இருந்தது. ஜன்னல் கட்டையில் ஒரு துண்டு சாக்பீஸ் கிடந்தது. அத்தையின் நாற்காலி இன்னும் குறிக்கு வலப்பக்கம்தான்.