டிரான்ஸ்பர் ஆன இன்ஸ்பெக்டர்

“…இன்ஸ்பெக்டருதான் டிரான்ஸ்பராயிப் போயிட்டாரு, சரிங்க பாய். அவரு பொண்டாட்டி புள்ளைங்க மட்டும் எப்பிடி இந்தாளு வூட்ல இருக்குது?”

மாதம்மாள் இப்படிக் கேட்டது எண்பதுகளின் கடைசியில். நேற்று அது மறுபடியும் காதில் விழுந்ததற்குக் காரணம் என் மருமகள் பார்க்கிற சீரியல். கதாநாயகன் திடீரென்று வேறு முகத்தோடு வந்து நின்றான். திரையின் அடியில் ‘இனி இவருக்குப் பதில் இவர்’ என்று ஒரு வரி. மருமகள் வெங்காயம் உரிப்பதைக்கூட நிறுத்தவில்லை. அந்த ஒரு வரி அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்திருந்தால் பூட்டு பாய் தப்பித்திருப்பார்.

எங்கள் ஊர் பாப்பாரப்பட்டிக்குப் பக்கம். தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுவது என் வேலை. மோட்டார் ரூம் சாவியோடு பஞ்சாயத்து டிவிப் பெட்டியின் சாவியும் என் அரைஞாணில் தொங்கியது. கலெக்டருக்குக்கூட அவ்வளவு அதிகாரம் கிடையாது என்று எனக்கு ஒரு நினைப்பு. பெட்டிக் கதவைத் திறந்தால் வார்னிஷும் பல்லி எச்சமும் கலந்த ஒரு வாசனை வரும். இன்றைக்கும் பழைய மர பீரோவை யாராவது திறந்தால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை காலை வந்துவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை என்றால் போலீஸ் தொடர். முழுக்க இந்தி. எங்களில் ஒருவருக்கும் ஒரு வார்த்தை தெரியாது, பூட்டு பாயைத் தவிர. பத்து வருஷம் வடக்கே ஊர் ஊராகப் பூட்டும் குடையும் ரிப்பேர் செய்துவிட்டு வந்தவர். இந்தி பேசுவார், எழுத்தும் படிப்பார். டிவிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவர் தமிழில் சொல்லச் சொல்ல, ஊரே வாய் பார்க்கும். திரையில் இரண்டு வார்த்தை பேசினால் பாய் எட்டு வார்த்தை சொல்வார். “இந்தி கொஞ்சம் சுருங்கின பாஷைங்க, நான் தண்ணி தெளிச்சு விரிச்சு உடறேன்” என்பார்.

எங்கள் தெய்வம் அந்த மீசைக்கார இன்ஸ்பெக்டர். ஒரு ஞாயிறு மீசையைக் காணோம், ஆளையே காணோம். அவர் நாற்காலியில் மழமழவென்று வேறு ஒருவன். ஏன் என்று திரையில் யாரும் சொல்லவில்லை. பாய்க்கு வாழ்க்கையில் முதல் தடவையாக வார்த்தை வரவில்லை. சனம் முணுமுணுக்க ஆரம்பித்தது. நான்தான் அவர் காதோரம் குனிந்து, “டிரான்ஸ்பர்னு சொல்லுங்க பாய்” என்றேன். பஞ்சாயத்து ஆபீசில் நான் பார்த்தவரைக்கும் ஒரு ஆள் திடீரென்று காணாமல் போவதற்கு வேறு காரணமே கிடையாது.

“மந்திரி மச்சான அரெஸ்ட் பண்ணாரில்ல, காஷ்மீருக்குத் தூக்கிப் போட்டுட்டாங்க” என்று பாய் விரித்து விட்டார். “நல்ல ஆபீசர எவன் ஒரு எடத்துல நிம்மதியா வுடறான்!” என்றார் டீக்கடைக்காரர். எல்லோருக்கும் பரம திருப்தி. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பெட்டியைப் பூட்டினேன்.

அடுத்த வாரம் புதியவன் வீட்டுக்குப் போனான். கதவைத் திறந்தவள் பழைய இன்ஸ்பெக்டரின் மனைவி. பிள்ளைகள் ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டன. அப்போதுதான் மாதம்மாள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

பாய் குல்லாயைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “நெசத்த சொல்லிடறேம்மா. அதே இன்ஸ்பெக்டருதான். நடிக்கிற ஆள மாத்திட்டாங்க. கத அறுந்துறக் கூடாதேன்னு நானா சொன்னது.”

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மாதம்மாள் சிரிக்கவில்லை.

அவள் புருஷன் சின்னசாமி போர் லாரியில் வடக்கே ஆழ்துளைக் கிணறு போடப் போயிருந்தான். மாதம் ஒரு கடிதம், அவனே தமிழில் எழுதுவான். போன மாதம் வந்தது மட்டும் இந்தியில் இருந்தது. பாய்தான் படித்துச் சொன்னார்: ஆள் சௌக்கியம், கை ஒழியாத வேலை, அதனால் கூட இருக்கிறவனை விட்டு எழுதச் சொன்னானாம், தை பிறந்ததும் வருகிறானாம்.

“அந்த லெட்டர்ல எத்தினி டிரான்ஸ்பர் போட்டீங்க பாய்?”

சிரிப்பு நின்றது. பாய் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் வீட்டுக்குப் போய்க் கடிதத்தை எடுத்து வந்தாள். நான் டிவியை அணைத்தேன்; பாதித் தொடரில் அணைத்ததற்கு ஒரு ஆள் சத்தம் போடவில்லை.

“உள்ளது உள்ளபடி சொல்லுங்க. தண்ணி தெளிக்காதீங்க.”

பாய் மெதுவாகப் படித்தார். இரும்புக் குழாய் விழுந்து சின்னசாமியின் வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் இருக்கிறான். காய்ச்சல் விடவில்லை. வீட்டிலிருந்து யாராவது வந்தால் நல்லது.

“பச்ச புள்ளைய வச்சிக்கினு தனியா கெடக்கிற, பதறிப் போவியேன்னுதாம்மா…” என்றார் பாய். டிரான்ஸ்பர் யோசனை கொடுத்தவனுக்குத் தலை நிமிரவில்லை.

டிவி இருந்த அந்தப் பஞ்சாயத்து அறையில் இப்போது கொசு மருந்து டிரம்கள் நிற்கின்றன. டிவிப் பெட்டியின் மரத்தை யாரோ கோழிக்கூண்டுக்குக் கொண்டுபோனார்கள். இந்தித் தொடர்கள் எல்லாம் இப்போது தமிழிலேயே பேசுகின்றன. நடுவில் உட்கார்ந்து சொல்ல ஒரு மனுஷன் வேண்டியதில்லை. அவரை நிறுத்திக் கேள்வி கேட்கவும் யாருமில்லை.

அன்றைக்கு மாதம்மாள் அழவில்லை. “வெரலுன்னு எங்க எழுதியிருக்குது? காட்டுங்க” என்றாள். பாய் காட்டிய இடத்தில் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தாள். பிறகு சொன்னாள்: “நாளைக்கு நான் போறேன். அங்க எவன் பேச்சும் எனக்கு வெளங்காது. நீங்களும் அக்காவும் கூட வரணும். டாக்டரு என்ன சொல்றாரோ அதயே சொல்லணும்.”

மறுநாள் தர்மபுரிக்கு முதல் பஸ் வந்தபோது, இடுப்பில் குழந்தையும் கையில் பையுமாக நின்றவள் பாயையும் அவர் மனைவியையும் முன்னால் ஏறச் சொன்னாள். இருவரும் உள்ளே போய் உட்கார்ந்ததைப் பார்த்த பிறகே படியில் காலை வைத்தாள்.