ஸ்டார்ட்டர் கைப்பிடியில் பட்டினச்சேரி முடிச்சு

மோட்டார் ரிப்பேர்காரன் என்று பெயர்தானே ஒழிய, என்னைக் கூப்பிட்ட இடங்களில் முக்கால்வாசி மோட்டாருக்கு ஒரு நோவும் இருந்ததில்லை. கோளாறெல்லாம் சுவரில் தொங்கும் ஸ்டார்ட்டர் பெட்டியில் இருக்கும், அதை விட்டால் அந்தப் பெட்டிக்கு முன்னால் நிற்கிற ஆளிடம் இருக்கும். குறடும் திருப்புளியும் வைத்துப் பிழைக்கிற உங்களுக்கெல்லாம் இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெட்டியைக் கழற்றிச் சுத்தம் பண்ணிவிடலாம். ஆளை என்ன செய்வது?

பிரெஞ்சுக் கொடி இறங்கிய புதிதில் காரைக்கால் கடைத்தெருவில் கடை போட்டேன். நான் பிறந்தது காரைக்கால்மேட்டில். எங்கள் வீட்டு ஆண்பிள்ளை எல்லாரும் கடலுக்குப் போக, நான் ஒருத்தன் மட்டும் நாகப்பட்டினத்துக்குப் போய் மோட்டார் வேலை கற்றுக்கொண்டு வந்தேன். அதற்குச் சொந்தக்காரர்களிடம் வாங்கிய பேச்சு இருக்கிறதே, அதை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும்.

பெட்டி முனகுது

திருமலைராயன்பட்டினத்தில் ஒரு நெல் மில். முதலாளி மரைக்காயர், சைகோனில் ஜவுளிக்கடை வைத்திருந்து ஊர் திரும்பியவர். கோபம் வந்தால் பிரெஞ்சில் திட்டுவார். சந்தோஷம் வந்தால் உட்காரவைத்துச் சோறு போடுவார். ஒருநாள் ஆள் அனுப்பினார். பெட்டி முனகுகிறதாம், கைப்பிடி நிற்காமல் விழுந்துவிடுகிறதாம், கரண்ட் போய்த் திரும்பி வந்தால் பியூஸ் எரிந்துபோகிறதாம். இத்தனை நோய் சேர்ந்த உடம்பை எங்கே பார்க்கக் கிடைக்கும்? உடனே சைக்கிளை எடுத்தேன்.

போய்ப் பார்த்தால், ஸ்டார்ட்டர் கைப்பிடியை வலை பின்னுகிற நூலால் இறுக்கிச் சுவரில் அடித்த ஆணியோடு கட்டியிருக்கிறது. அந்த முடிச்சு என் விரலுக்கு அசையவே இல்லை. குறடால் வெட்டினேன். மூடியைத் திறந்தால் உள்ளே தவிட்டுத் தூசி அப்பிக் கிடக்கிறது. கடல் காற்றுப் பட்டு செம்பு முனைகளெல்லாம் பச்சைக் களிம்பு. கைப்பிடியைப் பிடித்து வைப்பதற்காக உள்ளே ஒரு காயில், அதாவது கம்பிச் சுருள், உண்டு. கரண்ட் ஓடும்போது அது காந்தமாகிப் பிடித்துக்கொள்ளும். காந்தத்தின் முகத்தில் துருவும் தூசியும் இருந்தால் சரியாக ஒட்டாது, கிர்ரென்று முனகிக்கொண்டே கிடக்கும், கொஞ்சம் அதிர்ந்தாலும் விட்டுவிடும். எல்லாவற்றையும் துடைத்து, நைஸ் உப்புத்தாளால் பட்டும் படாமலும் தேய்த்து, மூடியைப் போட்டு மோட்டாரை ஓட்டினேன். ஒரு சத்தம் இல்லை. கைப்பிடி பிடித்த பிடியில் நின்றது.

மரைக்காயர் பெட்டியில் காது வைத்துக் கேட்டார். அவர் முகத்தில் சந்தேகம்.

“முனகலைக் காணோமே தம்பி, உசுரோடதானே இருக்கு?”

பாய் கட்டுற கணக்கு

முடிச்சுப் போட்டவர் யார் என்று கேட்டேன். பின்னால் இருந்து, “நான்தான், அதுக்கென்ன இப்ப?” என்று ஒரு குரல். திரும்பினால் சிங்காரவேலு மாமா. என் அம்மாவின் சொந்த அண்ணன், பட்டினச்சேரிக்காரர். முழங்கால் மடங்காமல் போனதும் கடலை விட்டுவிட்டு மில்லில் மோட்டார் ஓட்ட வந்திருந்தார். அவர் போட்ட முடிச்சை அவர் கண் முன்னாலேயே வெட்டியிருக்கிறேன். போச்சுடா என்று நினைத்தேன்.

இருந்தாலும் தொழில் விஷயத்தில் எனக்கு வாய் நிற்காது. மோட்டாரை எடுத்த எடுப்பில் முழு வேகத்துக்கு விட்டால் கரண்டை மடக் மடக்கென்று குடிக்கும், பியூஸ் தாங்காது. அதனால்தான் கைப்பிடியை முதலில் ஒரு பக்கம் தள்ளி இளைத்த கரண்டில் ஓடவிட்டு, வேகம் எடுத்ததும் மறுபக்கம் இழுத்து முழுக் கரண்டைக் கொடுக்கிறோம். கரண்ட் போனால் காயில் விட்டுவிடும், ஸ்பிரிங் கைப்பிடியை நிறுத்தத்துக்கு, மோட்டார் ஓடாத நிலைக்கு, தள்ளிவிடும். கரண்ட் வந்தால் மறுபடி ஆள்தான் வந்து ஓட்ட வேண்டும். கட்டி வைத்தால் கரண்ட் வந்த நொடியே மோட்டார் எகிறிக் கிளம்பும். பியூஸ் போனதோடு விட்டது உங்கள் நல்ல காலம், பெல்ட்டில் யாராவது கை வைத்திருந்தால் கை போயிருக்கும் என்று நீட்டி முழக்கினேன்.

மாமா பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு இடுப்பிலிருந்து புது நூலை எடுத்துக் கைப்பிடியை மறுபடி கட்டினார், முன்னைவிட இரண்டு சுற்று கூடுதலாக. கட்டிக்கொண்டே சொன்னார்:

“காத்து நின்னுபோச்சுன்னா பாயை அவுத்தா வீசிடறோம்? கட்டுனது கட்டுனபடி இருக்கும். காத்து வந்தா வல்லம் அது பாட்டுக்குப் போவும்.”

தாம்பாளம் திரும்பிய கதை

மாமாவுக்கு ஒரு மகள், அஞ்சலை. எனக்கு முறைப்பெண். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வானேன்? கட்டினால் அவளைத்தான் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அம்மாவும் நல்ல நாள் பார்த்து வெற்றிலை பாக்கு, பூ, பழம் வைத்த தாம்பாளத்தோடு பட்டினச்சேரிக்குப் போனாள். நான் கடையில் உட்கார்ந்து ஒரு மோட்டாரைப் பிரித்து, எதற்குப் பிரித்தேன் என்று தெரியாமல் மறுபடி பூட்டிக்கொண்டிருந்தேன்.

அம்மா போன வேகத்தில் திரும்பினாள். பூவும் பழமும் கொண்டுபோனபடியே இருந்தன. அண்ணன் காபி கொடுத்தாராம், குழம்பு வைக்க மீன் கொடுத்தாராம், பெண் மட்டும் கிடையாதாம். நான் முடிச்சை வெட்டியதால் வந்த வினை என்றுதான் நினைத்தேன். அம்மா இல்லை என்றாள். மாமாவுக்குக் கோபமே இல்லையாம், பயம்தானாம். அவர் சொன்னதை அப்படியே சொன்னாள்:

“கடலுக்குப் போறவன் கண்ணுக்குத் தெரியற அலையோட மல்லுக்கட்டறான். உன் மவன் கண்ணுக்கே தெரியாததோட மல்லுக்கட்டறான். அவனுக்கு எப்படி என் பொண்ணைக் குடுப்பேன்?”

பூனைகள் கூடிய இடம்

மனசு சரியில்லாத அந்த நாளில்தான் கிளிஞ்சல்மேட்டுப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்காரர் கூப்பிட்டார். அவருடைய ஸ்டார்ட்டர் எண்ணெய்த் தொட்டி வைத்தது. செம்பு முனைகள் எண்ணெயில் முங்கியிருக்கும். பொறி பறந்தால் எண்ணெய் அணைத்துவிடும். அதற்கென்று தனி எண்ணெய் உண்டு. தோப்பை நெருங்கும்போதே வாசனை தூக்கியது, யாரோ மீன் வறுக்கிறார்கள் என்று நினைத்தேன். மோட்டார் கொட்டகைக்குள் நுழைந்தால் ஊரிலுள்ள பூனை எல்லாம் ஸ்டார்ட்டர் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கின்றன.

தொட்டி நிறைய மீன் எண்ணெய்! வல்லத்துக்குப் பூசுவதற்காக வாங்கி வைத்திருந்ததாம். உப்புத் தண்ணீரிலேயே மரத்தை உளுக்காமல் காப்பாற்றுகிற எண்ணெய், செம்பைக் காப்பாற்றாதா என்று யோசித்து ஊற்றியிருக்கிறார். ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் பொறி பறந்து எண்ணெய் பொரிந்திருக்கிறது. எல்லாவற்றையும் வடித்து, கரி பிடித்த முனைகளைத் தேய்த்துச் சுத்தம் பண்ணுவதற்குள் என் சட்டை கருவாட்டுக்கடை ஆகிவிட்டது. தீப்பிடித்திருந்தால் என்ன ஆவது என்று சத்தம் போட்டேன். மனிதர் சாவகாசமாகப் பதில் சொன்னார்:

“மோட்டாருக்கு ஒரு குறையும் இல்லீங்க, நல்லாத்தான் ஓடுச்சு. பூனைங்கதான் கொஞ்சம் கூடுதலா வருதுங்க.”

சாப்பாட்டுக் கூடை

பூனைக் கதை எனக்கு முன்னால் பட்டினச்சேரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த தடவை மில்லுக்குப் போனபோது, அப்பாவுக்குச் சோற்றுக் கூடை கொண்டுவந்த அஞ்சலை என்னைப் பார்த்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். உன் சட்டை வாசனைக்கு எங்கள் வீட்டுப் பூனை இன்னும் வரவில்லையா என்று கேட்டாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. சிரித்துப் பேசுகிறாள் என்றால் அப்பா பெண் கிடையாது என்றது அவளுக்கும் பிடிக்கவில்லை என்றுதானே அர்த்தம்!

மாமா அந்தப் பக்கம் நெல் கொட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெட்டியில் அப்படி என்னதான் இருக்கிறது என்று அவள் கேட்டாள். மாமாவிடம் சொன்ன அதே பாடத்தை அவளிடமும் சொன்னேன், கொஞ்சம் குரலைக் குழைத்து. அவள் சட்டென்று பிடித்துக்கொண்டாள். முதலில் தள்ளுவது வல்லத்தைக் கரையலை தாண்டவைக்க, பிறகு இழுப்பது பாய் விரிக்க, அவ்வளவுதானே என்றாள். அவ்வளவேதான்! நாகப்பட்டினத்தில் எனக்கு இது புரிய எத்தனை திட்டு வாங்கினேன் தெரியுமா? காயில் இப்போது நன்றாகப் பிடிக்கிறது, கயிறு தேவையே இல்லை, கரண்ட் போய்த் திரும்பி வரும்போது பெல்ட்டில் கை வைத்திருப்பவனுக்குத்தான் ஆபத்து என்றேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. நூல் சுற்றிய கைப்பிடியையே பார்த்தாள்.

“பெல்ட்டுல கை வைக்கிறது எங்கப்பாதானே?”

பல்பு எரிந்தது

பெல்ட் ஓடுகிற இடம் இருட்டாக இருக்கிறது, ஒரு பல்பு மாட்டு என்று சில நாள் கழித்து மரைக்காயர் கூப்பிட்டார். சோற்றுக் கூடை வந்த கொஞ்ச நேரத்தில், மாட்டி முடித்து ஏணியை விட்டு இறங்கும்போது கரண்ட் போயிற்று. மில்லே அமைதி ஆனது. எங்கள் ஊரில் கரண்ட் போனால் ஒரு வெற்றிலை போட்டு முடிக்கலாம். மாமா அந்த நேரத்தை வீணாக்கவில்லை. ஓரம் நழுவியிருந்த பெல்ட்டைச் சரிபண்ண, நீட்டிய காலோடு தரையில் உட்கார்ந்து சக்கரத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் கையைவிட்டார். வேண்டாம் மாமா என்று நான் கத்தவும் தலைக்கு மேலே பல்பு பளிச்சென்று எரியவும் சரியாக இருந்தது.

மோட்டார் அசையவில்லை. மாமா பல்பைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். மெதுவாக வெளியே எடுத்தார். எல்லாரும் ஸ்டார்ட்டரைப் பார்த்தோம். கைப்பிடி நிறுத்தத்தில் இருந்தது. நூல் அறுபடாமல் முழுசாக ஆணியில் தொங்கியது. நான் வெட்டவில்லை மாமா என்றேன். வெட்டவில்லை என்றுதான் தெரிகிறதே! மோட்டார் ஓடும்போதே யாரோ அவிழ்த்திருக்கிறார்கள். கரண்ட் இருந்தவரை காயில் பிடித்திருக்கிறது, போனதும் விட்டிருக்கிறது. பட்டினச்சேரி முடிச்சை அவிழ்க்கப் பட்டினச்சேரி விரல்தான் வேண்டும். கூடைக்குப் பக்கத்தில் நின்ற அஞ்சலை, தினமும் கூடை கொண்டுவரும்போது தான்தான் அவிழ்த்துவிடுகிறேன் என்றாள். சாப்பிட்டு முடித்ததும் அப்பா திரும்பக் கட்டிவிடுவாராம், அடுத்த நாள் இவள் திரும்ப அவிழ்ப்பாளாம். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

மாமா அவள் தலையில் கை வைத்தார். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். அவள் என்னைக் காட்டினாள். செத்தோம் என்று நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். மாமா எழுந்து வந்து, ஆணியில் தொங்கிய நூலை உருவி மடியில் முடிந்துகொண்டார்.

“சாயந்திரம் உங்கம்மாவைத் தாம்பாளத்தோட வரச்சொல்லுடா.”

கடைசி முடிச்சு

கல்யாணம் பட்டினச்சேரியில். மரைக்காயர் அரிசி மூட்டையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். மில்லுக்கு அன்றைக்கு விடுமுறை. தென்னந்தோப்புக்காரர் பந்தலுக்கு இளநீர்க் குலை கொண்டுவந்தார். மீன் எண்ணெய் கொண்டுவரவில்லை என்று அஞ்சலையின் தோழிகள் கேலி பண்ணினார்கள்.

எங்கள் பக்கம் தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போட வேண்டும், மிச்சத்தை மாப்பிள்ளையின் அக்கா போடுவாள். எத்தனையோ காயிலுக்குத் தலைமயிர் கனத்தில் கம்பி சுற்றிய கை எனக்கு. அன்றைக்கு அந்த மஞ்சள் கயிற்றின் நுனியை இரண்டு தடவை நழுவவிட்டது. அக்கா என் முடிச்சின் மேல் தன் முடிச்சுகளைப் போட்டு இறுக்கினாள். மாமா பக்கத்தில் வந்து குனிந்து, வலை வாங்குகிறவர் மாதிரி ஒவ்வொரு முடிச்சாகப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது, மீசை சிரித்தது. பிறந்ததிலிருந்து என்னை டேய் என்று கூப்பிட்டவர், அன்றைக்குத்தான் முதல் தடவையாக மரியாதை கொடுத்துப் பேசினார்:

“முடிச்சு நல்லா விழுந்திருக்கு மாப்ளே. குறடை மட்டும் இந்தப் பக்கம் கொண்டாந்துடாதீங்க.”

இத்தனை வருஷத் தொழிலில் குறடு வைக்க நான் நினைத்தே பார்க்காத ஒரே முடிச்சு அதுதான். ஆனால் எந்த முடிச்சையும் சத்தமில்லாமல் அவிழ்க்கத் தெரிந்தவள் வீட்டுக்குள்ளேயே இருப்பதால், கொஞ்சம் முனகாமல் ஓடப் பழகிக்கொண்டேன்.