தலையணை உறையில் போன குப்பை

தெலுங்கு நாட்டு ராமச்சந்திராபுரத்தில், சர்க்கார் தொழிற்சாலைக் குடியிருப்பின் மதில் முடிகிற இடத்தை ஒட்டி எங்கள் வீடு. கல்யாணமாகி மதுரையிலிருந்து வந்த என்னிடம், "குவார்ட்டர்ஸ் கிடைக்கிற வரைக்கும்தான்" என்று சொல்லி, அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்த என் கணவர் பிடித்த வாடகை வீடு அது. எழுபதுகளில் பாதி அங்கேயே கழிந்தது.

மதிலுக்கு உள்ளே டவுன்ஷிப்பில் தெருவுக்குத் தெரு சிமெண்டுத் தொட்டி, தினமும் லாரி. வெளியே நாங்கள் பஞ்சாயத்துப் பிரஜைகள். பஞ்சாயத்துக்குக் குப்பை அள்ள ஆளே கிடையாது. "ஃபாக்டரியில கேளுங்க" என்றார் தலைவர். ஃபாக்டரியில் கேட்டால், "வெளியில இருந்தா பஞ்சாயத்துதான்" என்றார்கள். குழி வெட்டிப் புதைக்கலாம் என்றால் ஒரு சாண் மண்ணுக்குக் கீழே பாறை.

இதில் வேடிக்கை என்னவென்றால், உள்ளே அள்ளிய குப்பையையெல்லாம் லாரி எங்கள் வீட்டுப் பக்கத்துப் பொட்டலில்தான் கொட்டியது. அது தொழிற்சாலையின் நிலமாம். நாமும் அங்கேயே கொட்டலாமே என்று ஒருநாள் முறத்தோடு போனேன். அங்கே ஒரு காவலாளி உட்கார்ந்திருந்தார். குப்பைமேட்டுக்குக் காவல் போட்ட மேதைகளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

"நக்கோ மா. ஏ டவுன்ஷிப் கா கச்சரா ஹை. பாஹர் கா நக்கோ" என்றார்.

வெளியார் குப்பை டவுன்ஷிப் குப்பையோடு கலந்துவிடக் கூடாதாம். முறத்தோடு திரும்பி வந்தேன்.

அதனால் எங்கள் குப்பை கம்பெனி பஸ்ஸில் போக ஆரம்பித்தது. கல்யாணத்துக்கு முன் நான் ரோஜாப்பூ பின்னிய ஒரு தலையணை உறையில் அதைக் கட்டிக் கொடுப்பேன். பார்ப்பவர்களுக்குச் சலவைத் துணி மாதிரி இருக்கும். கணவர் டவுன்ஷிப்பில் இறங்கி, முதல் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, உறையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போவார். சாயங்காலம் லாரி அதே குப்பையை எங்கள் ஜன்னலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து கொட்டும். எங்கள் வாழைக்காய்த் தோல் சர்க்கார் செலவில் பயணம் போய்த் திரும்பியது.

மகள் மட்டும் இல்லையென்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். காவலாளி குப்பைமேட்டைக் கொளுத்தும்போதெல்லாம் அவளுக்கு இழுப்பு வந்துவிடும். அக்கம்பக்கத்துக் குழந்தைகளிடம் கற்ற தெலுங்கில் "பொக, அம்மா, பொக" என்று புகையைக் காட்டுவாள். மருந்து வேலை செய்யாது, வீட்டை மாற்றுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குவார்ட்டர்ஸ் பட்டியலில் எங்கள் பெயர் மேலே ஏறி வந்திருந்தது. பொங்கலுக்குள் கிடைத்துவிடும் என்றார்கள். நான் அந்தப் பட்டியலை மட்டுமே நம்பியிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். டவுன்ஷிப் தொட்டியில் வெளியார் குப்பை போட்டால், பட்டியலில் அவர்கள் பெயர் கடைசிக்குப் போகும். பயந்துபோய் நிறுத்தினோம். வீட்டுக்குள் குப்பை சேர்ந்து, குழந்தையின் பால் டம்ளரில் ஈ மொய்த்தது.

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும் கொண்டுபோயிடறேன்" என்று கணவர் கிளம்பினார்.

அன்று சாயங்காலம் லாரி கொட்டிவிட்டுப் போனதும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மேட்டின் உச்சியில் என் ரோஜாப்பூ கிடந்தது. தினமும் மடித்து வீட்டுக்கு வருகிற உறை லாரியில் வந்திருக்கிறது.

கணவர் மெமோவோடு வந்தார். தொட்டியருகே அவரைப் பிடித்தவர் குவார்ட்டர்ஸ் ஒதுக்குகிற எஸ்டேட் ஆபீசர், நம் தஞ்சாவூர்க்காரர்.

"படிச்சவர்தானே நீங்க? தமிழாளுங்க மானத்தை வாங்குறீங்களே" என்றாராம்.

"சார், இது சாயங்காலம் எங்க வீட்டுப் பக்கத்துலதான் வந்து விழுது."

"அது வேற விஷயம். ரூல்னு ஒண்ணு இருக்கில்ல?"

அப்படிச் சொல்லிவிட்டு, உறையை இரண்டு விரலால் தூக்கி அந்தத் தொட்டியிலேயே போட்டாராம் அந்தப் புண்ணியவான். வெளியார் குப்பை விழக் கூடாது என்று அவர் தொட்டியைக் காத்த லட்சணம் அது.

எங்கள் பெயர் கடைசிக்குப் போயிற்று என்று மெமோவில் இருந்தது. ஆத்திரம் தாங்காமல், உறையையாவது எடுத்து வரலாம் என்று பொட்டலுக்குப் போனேன். காவலாளி கம்பை நீட்டி மறித்தார்.

"நக்கோ மா. அப் ஏ டவுன்ஷிப் கா ஹை."

அது இப்போது டவுன்ஷிப் சொத்தாம். உறைக்கு டவுன்ஷிப்பில் இடம் கிடைத்துவிட்டது; என் மகளுக்குத்தான் கிடைக்கவில்லை. திரும்பி நடக்கும்போது முதுகுக்குப் பின்னால் தீக்குச்சி உரசுகிற சத்தம் கேட்டது. ஜன்னலைச் சாத்த வீட்டுக்கு ஓடினேன்.