உபகாரம் ஏற்றுக்கொண்ட கிளாம்பு

பழுதைத் தேடுவதே பிழைப்பாகிவிட்ட ஒருவன், அந்தப் பழுதுக்குக் காரணமான ஆளைத் தேடாமல் வாழ முடியுமா? கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் வண்டிகளுக்கு மின்சார வேலை பார்த்த உபகாரத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் எழுகிறது.

அவரைப் பெரிய மனிதர் என்று சொல்லிவிட மாட்டேன். நாளைக்குத் தருகிறேன் என்ற டைனமோவை அடுத்த வாரம்தான் தருவார். பிடிவாதக்காரர். "வண்டிக்கு என்ன நோவுன்னு நாள் முழுக்கக் கேப்பாரு. எனக்குத் தலைவலின்னா ஏன்னு ஒரு வார்த்தை வராது" என்று அவர் மனைவி புஷ்பமேரி, அவர் இருக்கும்போதே எல்லோரிடமும் சொல்வார். அவரும் மறுக்கமாட்டார்.

ஆனால் அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. வண்டி கிளம்பவில்லை என்று வருகிறவர்கள் பெரும்பாலும் தீர்ப்போடுதான் வருவார்கள். டிரைவர் சரியில்லை, இல்லாவிட்டால் போன மெக்கானிக் ஏமாற்றிவிட்டான். "ஆளை விடுங்க. வண்டி என்ன சொல்லுதுன்னு பாப்போம்" என்பார் உபகாரம். பழுது இன்னது என்று அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் பேசுவதில்லை. தன் கை வேலையிலேயே தப்பு இருந்தாலும் அதையும் அதே குரலில் சொல்லுவார்.

மலையில் ஸ்டார்ட்டரை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. இறக்கம் பார்த்து வண்டியை நிறுத்துவார்கள். காலையில் பிரேக்கை விட்டு உருளவிட்டு கியரில் போட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். 1961ஆம் ஆண்டு ஆயுத பூஜைக்குத்தான் பழனிமுத்துவின் மூன்று லாரிகளில் ஒன்று சமதரையில் நின்றது. மேல்மலையில் உள்ள போளூர்ப் பக்கத்து உருளைக்கிழங்கை வாங்கி வத்தலக்குண்டுக்கு இறக்கும் வியாபாரி அவர். கிடங்கு வாசலில் லாரியைக் கழுவி, மாலை போட்டு, சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பூஜை முடிந்த பிறகு வண்டியைத் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமியன்று, நல்ல நேரத்தில், பழங்களை நசுக்கிக்கொண்டு அது புறப்பட வேண்டும்.

மறுநாள் டிரைவர் வேலப்பன் ஸ்டார்ட்டரை அழுத்தினார். 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான்.

"தள்ளி விட்ருவமா?" என்றார் கூடியிருந்தவர்களில் ஒருவர்.

"தள்ளுனா பழம் நசுங்கிருமே. அப்புறம் அது வண்டி நசுக்குனதா, நாம நசுக்குனதா?"

"சாமிகிட்ட கேட்டுச் சொல்லுலே!"

எல்லோரும் சிரித்தார்கள். பழனிமுத்து சிரிக்கவில்லை. "ஏலே வேலப்பா, போன தையில வெளக்க அணைக்காம வீட்டுக்குப் போனியே, அதே மாதிரி இப்பவும் போயிட்டியா? பாட்டரி செத்துக் கெடந்துச்சுன்னா இன்னைக்கே சாவியக் குடுத்துட்டுப் போயிரு."

வேலப்பனுக்கு மூன்று பெண்கள். மலையில் ஓட்டுவதற்கு வேறு லாரி எளிதில் கிடைக்காது. ஆள் அனுப்பி உபகாரத்தைக் கூட்டிவந்தார்கள்.

வந்தவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "ஹெட்லைட்டப் போடு" என்றார். மூடுபனிக்குள் இரண்டு விளக்கும் பளிச்சென்று எரிந்தன. "இப்ப அழுத்து." டக். அந்தக் கணமே விளக்குகள் அடியோடு அணைந்தன. கையை எடுத்ததும் பழையபடி எரிந்தன.

"பாட்டரி சாகல, மொதலாளி" என்றார் உபகாரம். "செத்த பாட்டரின்னா வெளக்கு மொதல்லயே மஞ்சளா அழுதுக்கிட்டு நிக்கும். இது வெளக்குக்கு அள்ளிக் குடுக்குது. ஸ்டார்ட்டர் கேட்டா மட்டும் கைய விரிக்குது. நடுவுல எங்கயோ வழி அடைச்சிருக்கு."

விளக்குக்குக் கொஞ்சம் மின்சாரம் போதும். ஸ்டார்ட்டருக்கு வெள்ளம் போல் வேண்டும். இணைப்பு ஓரிடத்தில் சரியில்லை என்றால் விளக்கு எரியும், எஞ்சின் சுற்றாது. அந்த இடம் மட்டும் சூடாகும். வேலப்பனை இன்னும் நாலைந்து தடவை அழுத்தச் சொல்லிவிட்டு, உபகாரம் ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுக்கொண்டு போனார். ஸ்டார்ட்டர் முனை குளிர்ந்திருந்தது. சட்டத்தோடு முடுக்கியிருந்த எர்த் கம்பியும் அப்படியே. பாட்டரி முனையில் கம்பியைக் கவ்வியிருந்த ஒரு கிளாம்பைத் தொட்டதும் விரலை வெடுக்கென்று எடுத்தார்.

அதைக் கழற்றினார். உள்ளே, ஈய முனையைச் சுற்றி, சந்தனமும் திருநீறும் குங்குமமும் கெட்டியாக அப்பியிருந்தன.

பாட்டரிப் பெட்டிமேல் அவர் குனிந்திருந்ததால் மற்றவர்களுக்கு அது தெரியவில்லை. பக்கத்தில் நின்ற வேலப்பன் தாழ்ந்த குரலில் சொன்னது எனக்குப் பிறகுதான் தெரிந்தது: "மொதலாளி கையால வச்சதுண்ணே. பாட்டரிதான் வண்டிக்கு உசுருன்னு, கிளாம்பக் கழட்டிக் கழுவி வச்சப்ப அப்பிட்டாரு. சாமிக்குன்னு பூசுன சந்தனத்த நான் எப்பிடிண்ணே தொடைக்கிறது? அது மேலயே மாட்டிட்டேன்."

உபகாரம் கத்தியால் முனையைச் சுரண்டினார். துணியால் துடைத்து, அந்தத் துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். கிளாம்பை முடுக்கினார். "அழுத்து" என்றார்.

எஞ்சின் உறுமிப் பிடித்தது. லாரி பழங்களை நசுக்கிக்கொண்டு பத்தடி போய் நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். பழனிமுத்து மட்டும் கிளாம்பையே நினைத்துக்கொண்டிருந்தார். "கோளாறு கிளாம்புலன்னா அத மாட்டுனது யாரு? நேத்துக் கழட்டி மாட்டுனது இவன்தானே?" என்று வேலப்பனிடம் சாவிக்குக் கை நீட்டினார்.

உண்மையைச் சொன்னால் முதலாளி ஊர் முன்னால் தலைகுனிய வேண்டும். அதுவும் வேதக்காரர் ஒருவர், ஒரு கிறிஸ்தவர், பூஜையைக் குறை சொன்னதாக ஆகும். சொல்லாவிட்டால் வேலப்பனின் சாவி போகும். எப்போதும்போல ஆளை விடச் சொல்லி நகர்ந்துவிடுவார் என்றுதான் பார்த்திருந்தவர்களில் ஒருவனாகிய நானும் நினைத்தேன்.

"அத மாட்டுனது நான்தான், மொதலாளி" என்றார் உபகாரம். "நேத்துப் பூசைக்கு முன்னால இந்தப் பக்கமா வந்தேன். வேலப்பன் மாட்டுனது சரியில்லையோன்னு நான் திரும்பக் கழட்டி மாட்டுனேன். பாத்து மாட்டல."

"யோவ், ஒன்னைய நம்பித்தானய்யா மூணு லாரிய விட்டிருக்கேன்! நல்ல நாளும் அதுவுமா என்னையச் சந்தி சிரிக்க வச்சுட்டியே!"

வேலப்பன் வேலையில் நீடித்தார். மூன்று லாரிகளின் மின்சார வேலையும் அன்றோடு வத்தலக்குண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விட்டது. உபகாரத்துக்குப் பாதி வேலை இல்லாமல் போயிற்று. "பூசையன்னைக்கு முழுநாளும் கூரைத் தகரம் மாத்திக்கிட்டு வீட்டுலதானே இருந்தீங்க?" என்று புஷ்பமேரி கேட்டுப் பார்த்தார். அவர் ஒரு டைனமோவை எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தார்.

இரக்கம் என்று சொல்லலாம். ஆனால் மற்ற நாட்களில் அவரிடம் அவ்வளவு இரக்கத்தை நான் பார்த்ததில்லை. அடுத்தவர் வழிபாட்டின்மீது இருந்த மரியாதையாகவும் இருக்கலாம். மரியாதைக்காகப் பாதிப் பிழைப்பை விடுவார்களா என்றும் தோன்றுகிறது.

மூன்று ஆண்டுகள் கழித்து, கடைசிப் பெண்ணின் கல்யாணத்தை முடித்துவிட்டு வேலப்பன் கன்னிவாடிக்குப் போய்க் குடியேறினார். போகும்போது நடந்ததை முதலாளியிடம் சொல்லிவிட்டார். பழனிமுத்து அன்றைக்கே உபகாரத்தின் கொட்டகைக்கு நடந்து வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"ஏன்யா, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தே? சந்தனந்தான் காரணம்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

"எந்தச் சந்தனம், மொதலாளி?"

"வேலப்பன் எல்லாத்தையும் சொல்லிட்டான்யா. இனியாவது ஒத்துக்க. நாளைக்கே மூணு வண்டியும் இங்க வந்து நிக்கும்."

உபகாரம் கையிலிருந்த டைனமோவைக் கீழே வைத்தார். "வண்டிய அனுப்புங்க, பாக்குறேன். ஆனா வேலப்பனுக்கு ஞாபகம் பிசகியிருக்கும்" என்றார். "அது நான் மாட்டுன கிளாம்பு."